கப்பல் தச்சன் ஜான் மேக்கி, நாலு டாலர் கூலி, காம்ஸ்டாக் சுரங்கம்: கொஞ்சம் பேசுவோமா?

தச்சன்மகன்:

அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதி என்றதும் நம் ஆட்கள் நேராகக் குதிரை, துப்பாக்கி, ஷெரிஃப் என்று போய்விடுகிறார்கள். எனக்கு அங்கே மரவேலையும் இரும்புவேலையும் செய்து பிழைத்தவர்கள் மேல்தான் கண். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜான் வில்லியம் மேக்கி. 1831ல் டப்ளினில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1840ல் குடும்பம் நியூயார்க் வந்தது, அதாவது அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குச் சில வருடம் முன்பே. வந்த கொஞ்ச காலத்தில் அப்பா போய்விட்டார். பையன் தெருவில் செய்தித்தாள் விற்றான், அப்புறம் ஈஸ்ட் ரிவர் கரையில் வில்லியம் வெப் என்பவரின் கப்பல் கட்டும் தளத்தில் தச்சுவேலை பழகச் சேர்ந்தான். 1851ல் கலிபோர்னியா. டவுனிவில் பக்கம் யூபா ஆற்று மணலை எட்டு வருடம் போல அலசிப் பார்த்தார், சாப்பாட்டுக்கு வந்தது, சேர்க்கும் அளவுக்கு வரவில்லை. 1859ல் சியரா மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய நெவாடாவில், காம்ஸ்டாக் என்ற இடத்தில் வெள்ளி கிடைத்த செய்தி பரவியதும் நண்பர் ஜாக் ஓ'பிரையனோடு மலையைத் தாண்டி நடந்தே போனார். வர்ஜீனியா சிட்டிக்குள் நுழையும் முன் ஓ'பிரையன் கையில் மிச்சமிருந்த அரை டாலரைப் புதருக்குள் வீசிவிட்டு, இனி கனவான்களாக நடந்து போவோம் என்றாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1873ல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில் பெரும் தாதுப் படுகை கிடைத்தது. அதுவும் பக்கத்து கலிபோர்னியா சுரங்கமும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் வெள்ளியும் தங்கமும் கொட்டின, மேக்கி உலகப் பணக்காரர்களில் ஒருவரானார். எழுதுகிறவர்கள் எல்லாம் இதை அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. அவர் காம்ஸ்டாக்கில் செய்த வேலை சுரங்கத்துக்குள் மரம் கட்டுவது, அதாவது மேலே இருக்கும் பாறை தலையில் விழாமல் முட்டுக் கொடுப்பது. நாள் கூலி 4 டாலர். அந்த வேலை பார்த்தவனுக்குத் தெரியும் அளவுக்கு மலையின் உட்புறம் வேறு யாருக்கும் தெரியாது. அவரைத் தூக்கிவிட்டது கைத்தொழில்தான் என்கிறேன்.

ராசிபுரத்தான்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வாதம் நிற்காது. மேக்கியோடு சேர்ந்த கூட்டாளிகள் யார்? ஜேம்ஸ் ஃபேர், அயர்லாந்தின் டிரோன் மாவட்டத்தில் பிறந்தவர், இயந்திர வேலை தெரிந்தவர், அவரை விடுங்கள். மற்ற இரண்டு பேர், ஜேம்ஸ் ஃபிளட்டும் வில்லியம் ஓ'பிரையனும் (மலை தாண்டிய ஜாக் வேறு ஆள்), சான் பிரான்சிஸ்கோவில் மதுக்கடை நடத்தியவர்கள். பங்குச் சந்தைத் தரகர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரும் கடை. பீர் ஊற்றிக்கொண்டே எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று காது கொடுத்துக் கேட்டார்கள், பிறகு தாங்களே தரகர்களானார்கள். மேக்கிக்குக் கிடைத்த அதே புதையல் அவர்களுக்கும் கிடைத்தது. அவர்கள் எந்த உளியைப் பிடித்தார்கள்?

அதே ஊரில் அதே வேலையை அதே நாலு டாலருக்குச் செய்த மற்ற ஐரிஷ் தச்சர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கேட்கவேண்டும். ஜெயித்தவனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அவன் தொழிலுக்கு மாலை போடுவது சுலபம்.

தச்சன்மகன்:

அண்ணா, மதுக்கடைக்காரர்கள் பணத்தையும் சந்தைத் தந்திரத்தையும் கொண்டு வந்தார்கள், மறுக்கவில்லை. எங்கே தோண்டுவது என்று சொன்னது மேக்கியும் ஃபேரும்தான். கன்சாலிடேட்டட் வர்ஜீனியா ஒன்றும் இல்லாத சுரங்கம் என்று மற்றவர்கள் கைகழுவி, பங்கு விலை தரையில் கிடந்தபோது இவர்கள் வாங்கினார்கள். ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில் தாது தட்டியது.

அந்த மரம் கட்டும் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கினால் நான் சொல்வது புரியும். மற்ற இடங்களில் வெள்ளி ஒரு முழம், இரண்டு முழம் அகலமான கொடியாகப் பாறைக்குள் ஓடும். இரண்டு பக்கமும் கம்பம் நட்டுக் குறுக்கே ஒரு கட்டை போட்டால் போதும். காம்ஸ்டாக்கில் ஓஃபிர் சுரங்கத்தில் தாது 50, 60 அடி அகலத்துக்கு விரிந்தது, அதுவும் கையால் உதிர்க்கும் அளவுக்கு மென்மையானது. அவ்வளவு நீளத்துக்கு உத்தரம் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் தாங்காது. ஆட்கள் இறங்கவே பயந்தார்கள். 1860ன் கடைசியில் பிலிப் டைடஷைமர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்தாறு அடி நீளத்தில் தடித்த மரங்களை வெட்டி, முனைகளைச் செதுக்கி ஒன்றோடொன்று கோத்து, பெட்டி பெட்டியாகச் சட்டம் நிறுத்துவது. தாதுவை எடுக்க எடுக்க மேலேயும் பக்கத்திலும் இன்னொரு பெட்டி. காலியான பெட்டிகளைக் கழிவுப் பாறையால் நிரப்பிவிடலாம். எந்த அகலத்துக்கும், எந்த உயரத்துக்கும் போகலாம். அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

இதில் ஆணி கிடையாது, பொருத்துதான் எல்லாம். முனை கால் அங்குலம் தளர்வாக இருந்தால் எடை ஒரு பக்கமாக இறங்கிக் கம்பம் பிளக்கும். கப்பல் தளத்தில் பழகியவன் கைக்கு இது புதிதல்ல. அதோடு காம்ஸ்டாக் களிமண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, காற்றுப் பட்டதும் ஊதும். நேற்று நேராக நின்ற கட்டை இன்று நசுங்கியிருக்கும். எந்தச் சட்டம் முனகுகிறது, எந்தப் பக்கம் மலை தள்ளுகிறது என்று தினமும் காதால் கேட்டு வேலை செய்தவர்கள் இவர்கள்.

பட்டறைவாசி:

இந்த இழையில் கொல்லர்களை விட்டுவிட்டீர்களே, அதனால் வருகிறேன். எங்கள் வீட்டில் பரம்பரைத் தொழில் இதுதான், கையும் வாயும் சும்மா இருக்காது.

சுரங்க ஊரில் கொல்லன் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று சினிமா பார்த்து நினைக்கிறோம். சுரங்கக் கொல்லனின் பெரிய வேலை துளைக்கம்பி தீட்டுவது. 1870களில் இயந்திரத் துளைப்பான் வரும் வரை வெடிமருந்து வைக்கும் துளை எல்லாம் கையால்தான். ஒருவன் எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பவேண்டும், இன்னொருவன் எட்டு பவுண்டு சம்மட்டியால் அடிப்பான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். பாறை கடினமாக இருந்தால் சில அங்குலத்திலேயே முனை மழுங்கிவிடும். அப்படி மழுங்கிய கம்பிகள் கட்டுக்கட்டாக மேலே வரும், ஷிஃப்ட் மாறுவதற்குள் அத்தனையும் கூராகிக் கீழே இறங்கவேண்டும்.

கூர் அடிப்பது பெரிய விஷயமில்லை, பதம் ஏற்றுவதுதான் விஷயம். செந்தணலாகக் காய்ச்சி முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்து வெளியே எடுத்துத் தேய்த்தால், பின்னால் இருக்கும் சூடு முனையை நோக்கி மெல்ல வரும். அப்போது இரும்பின் மேல் நிறம் ஓடும், முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். பாறைக்கு ஏற்ற நிறம் முனைக்கு வந்த நொடியில் திரும்பவும் தண்ணீரில் முக்கவேண்டும். முந்தினால் பாறையில் முனை சிதறும், சிதறல் கம்பி பிடித்தவன் முகத்தில் தெறிக்கும். பிந்தினால் முனை மடங்கும், அன்றைக்கு வேலை ஓடாது, கீழே இருப்பவன் திட்டுவான். நல்ல கொல்லன் இருக்கும் சுரங்கத்தில்தான் வேலைக்குச் சேருவோம் என்று ஆட்கள் சொன்னால் அது நியாயம்தான்.

தொழிலால் மேலே வந்த ஆள் வேண்டுமென்றால் பீட்டர் டொனஹூவைப் பாருங்கள். ஐரிஷ் பெற்றோருக்கு கிளாஸ்கோவில் பிறந்தவர். 1849ல் தங்க வேட்டைக்கு வந்த இடத்தில் தங்கத்தை விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகளோடு சான் பிரான்சிஸ்கோவில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். அதுதான் யூனியன் அயர்ன் ஒர்க்ஸ் ஆக வளர்ந்தது. ஊருக்கு எரிவாயு விளக்கு கொண்டு வந்ததிலும் அவர் கை உண்டு. 1901ல் மார்க்கெட் தெருவில் அவர் நினைவாக வைத்த வெண்கலச் சிலை இன்னும் நிற்கிறது, அதில் தொழிலாளிகள் பெரிய எந்திரத்தில் தொங்கிக்கொண்டு இரும்புத் தகட்டைத் துளைப்பார்கள். மேக்கியைவிட இவர்தான் உங்கள் வாதத்துக்கு நல்ல சாட்சி.

கயல்:

பட்டறைவாசி சார், அந்த நிறம் ஓடும் பத்தியை மூன்று தடவை படித்தேன்.

எனக்கு ஒரு குறை. இதுவரை ஒரு பெண்கூட வரவில்லை. தையலும் தொழில்தானே? மேக்கி 1867ல் கல்யாணம் செய்துகொண்ட லூயிஸ் ஹங்கர்ஃபோர்டு, வர்ஜீனியா சிட்டியில் தையல் வேலை செய்து குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்த இளம் விதவை. ஐரிஷ்காரி இல்லை, ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு அவரும் ஒரு உதாரணம். தங்கும் விடுதி நடத்துவது, துணி வெளுப்பது, வீட்டு வேலை, இவற்றில் ஐரிஷ் பெண்கள் நிறைய. கணவன் சுரங்கத்தில் செத்துப்போனால் வீட்டில் நாலு பேருக்கு அறை விட்டுச் சோறு போட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அந்தச் சோறு இல்லாமல் நீங்கள் சொல்லும் எந்தச் சட்டமும் நின்றிருக்காது.

அப்புறம் பாதிரியார் பேட்ரிக் மனோக்கைச் சேர்க்காமல் காம்ஸ்டாக் ஐரிஷ் கதை முழுசாகாது. கில்கென்னியில் பிறந்தவர், கலிபோர்னியாவில் சுரங்க வேலை பார்த்தவர், அந்தப் பணத்தோடு பாரிஸ் போய் இறையியல் படித்துத் திரும்பி வந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். சம்மட்டி பிடித்த கை ஞானஸ்நானம் கொடுத்தால் சுரங்கக்காரன் கேட்காமல் இருப்பானா? பிற்பாடு சாக்ரமென்டோவின் முதல் ஆயர் ஆனார்.

செங்கோடன்:

நாலு டாலர், நாலு டாலர் என்று எல்லோரும் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி மனம் இரங்கிக் கொடுத்ததில்லை. 1864ல் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், ஆட்கள் ஊர்வலம் போனார்கள், சங்கம் உடைந்தது, திரும்பக் கட்டினார்கள். 1867 ஜூலை 4ல் வர்ஜீனியா சிட்டி சுரங்கத் தொழிலாளர் சங்கம் நிலையாக உருவானது. தரைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொருவனுக்கும், அனுபவசாலியோ புதியவனோ, நாளுக்கு 4 டாலர் என்பது சட்டம் மாதிரி ஆனது. 1872ல் எட்டு மணி நேர வேலை. அதே சமயம் கிழக்கே சாதாரணக் கூலியாளுக்கு ஒன்றரை டாலர் கிடைத்தால் அதிகம். சங்கத்தில் ஐரிஷ்காரர்கள் கை ஓங்கியிருந்தது, அயல்நாட்டில் பிறந்தவர்களில் அந்த ஊரில் அவர்கள்தான் பெரிய கூட்டம். மேக்கி மற்ற முதலாளிகளைப்போல இந்த நாலு டாலரை வெட்ட முயலவில்லை, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடலாம்.

இதே சங்கத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனர்களைச் சுரங்கத்துக்குள் விடவில்லை. 1869ல் வர்ஜீனியா அண்டு டிரக்கி ரயில்பாதைக்கு மண்வேலை செய்த சீனத் தொழிலாளர்களை, சங்கத்து ஆட்கள் திரண்டு போய் விரட்டினார்கள். ஊர் எல்லைக்குள் சீனர்களை வேலைக்கு வைக்கமாட்டோம் என்று எழுதி வாங்கிய பிறகுதான் பாதை நகர்ந்தது. நியூயார்க்கில் தங்களை யாரும் மதிக்கவில்லை என்று மலை தாண்டி வந்தவர்கள் செய்தது இது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் பைன் கொட்டை பொறுக்கிச் சாப்பிட்ட மரங்களையும் வெட்டி அடுப்பில் வைத்தார்கள்.

ராசிபுரத்தான்:

செங்கோடன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தச்சன்மகன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொண்டாடும் அந்த மரச் சட்டங்கள் தீக்கும் விருந்து. 1869 ஏப்ரல் 7 காலையில் கோல்டு ஹில்லில் எல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் 800 அடி ஆழத்தில் தீ. மரம் எரிந்து பாறை சரிந்ததும் நச்சுப் புகை பக்கத்துச் சுரங்கங்களான கென்டக்குக்கும் கிரௌன் பாயின்டுக்கும் பாய்ந்தது. குறைந்தது 35 பேர் செத்தார்கள். உள்ளே மாதக்கணக்கில் கனன்றதாம், சில பகுதிகளை அடைத்தே விட்டார்கள். அந்தக் கென்டக் எது தெரியுமா? சில வருடம் முன்பு மேக்கிக்கு முதல் பெரிய பணம் கொடுத்த சுரங்கம்.

சாவு அங்கே தீயில் மட்டும் வரவில்லை. ஆழம் போகப்போக வெப்பம். காற்று நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், 3,000 அடியில் பொங்கிய தண்ணீர் 170, நம் கணக்கில் 77 செல்சியஸ். கால் இடறி அதில் விழுந்து வெந்தவர்கள் உண்டு. சில நிமிடம் வேலை, பிறகு ஐஸ் தண்ணீர், பிறகு மறுபடி சில நிமிடம். இதற்கு 4 டாலர். அதிலும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக ஊருக்கு, அம்மாவுக்கு, கப்பல் டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் தங்கைக்கு அனுப்பியது போக மிச்சம் என்ன? அந்த மிச்சத்தையும் பங்குச் சந்தையில் போட்டுத் தொலைத்தவர்கள் ஏராளம். சமையல்காரி முதல் வண்டியோட்டி வரை எல்லோரும் பங்கு வாங்கினார்கள்.

தச்சன்மகன்:

கோபம் எதற்கு அண்ணா. தீயைப் பற்றிச் சொன்னதால் என் பக்கமும் ஒரு தீ இருக்கிறது. 1875 அக்டோபர் 26, வர்ஜீனியா சிட்டியே பற்றி எரிந்தது. சுரங்க வாய்களில் இருந்த கட்டடங்களும் போயின. அன்று மேக்கியின் கவலை எல்லாம் தீ குழிக்குள் இறங்கக்கூடாது என்பதில்தான். கோயிலைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு மூதாட்டி கெஞ்ச, கோயிலை இன்னொன்று கட்டிக்கொள்ளலாம், தீ சுரங்கத்தில் இறங்கினால் எல்லாம் போச்சு என்று எரிந்துவிழுந்தாராம். மனோக்கின் கோயில் எரிந்தது, அதைத் திரும்பக் கட்ட மேக்கி தாராளமாகக் கொடுத்தார். உள்ளே எத்தனை மரம் நிற்கிறது, எல்லோ ஜாக்கெட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் அப்படித்தான் பேசுவான்.

மேக்கி கூலியிலிருந்து எப்படி மேலே வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் காம்ஸ்டாக்கில் உரிமையை அடிக்கணக்கில் விற்றார்கள். படுகையின் மேல் இத்தனை அடி உனக்கு என்று. பணம் இல்லாத சுரங்கங்கள் ஒப்பந்த வேலைக்குக் கூலிக்குப் பதில் அடி கொடுத்தன. மேக்கி அப்படிச் சுரங்கவழி வெட்டி மரம் கட்டிக் கொடுத்து அடி சேர்த்தார். தொழில் தெரியாதவனுக்கு இந்தக் கதவு திறந்திருக்காது.

ராசிபுரத்தான்:

அதே கதவு வழியாகப் போன பலருக்கு அந்த அடிகள் வெறும் காகிதமாகப் போயின. கடைசியில் கோடியைக் கொடுத்தது வேறு கணக்கு. மேக்கி, ஃபேர், ஃபிளட், வில்லியம் ஓ'பிரையன், இந்த நாலு பேரும் சுரங்கத்தை மட்டும் வைத்திருக்கவில்லை. தாது அரைக்கும் ஆலை அவர்களுடையது, மரமும் விறகும் விற்ற கம்பெனி அவர்களுடையது, தண்ணீரும் அவர்கள் கையில். சுரங்கம் தன் முதலாளிகளிடமே மரம் வாங்கி, தன் முதலாளிகளின் ஆலையிலேயே அரைத்தது. லாபம் இரண்டு தடவை. மற்ற பங்குதாரர்கள் நீதிமன்றம் போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இது தச்சுவேலை இல்லை தம்பி, இது வியாபாரம்.

பட்டறைவாசி:

மரம் என்றதும் ஞாபகம் வந்தது. டாஹோ ஏரியைச் சுற்றியிருந்த காட்டை மொட்டையடித்தது இந்தச் சட்டங்கள்தான். மலை உச்சியிலிருந்து பலகைக் கால்வாயில் தண்ணீர் விட்டு மரங்களை மைல்கணக்கில் மிதக்கவிட்டார்கள். இன்று அங்கே பார்க்கும் காடு பெரும்பாலும் அப்புறம் முளைத்தது.

புதுமுகம்:

நல்ல இழை. ஒரு சந்தேகம். ஐரிஷ்காரர்கள் என்றால் ரயில்பாதை என்றுதானே படித்திருக்கிறோம்?

செங்கோடன்:

அதுவும் உண்மைதான். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதையை இரண்டு கம்பெனிகள் இரண்டு பக்கமிருந்து போட்டன. கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையில் ஐரிஷ்காரர்கள் திரளாக இருந்தார்கள். எதிர்ப்பக்கம் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக்கில் பெரும்பாலும் சீனர்கள், ஆனால் 1869 ஏப்ரல் 28ல் ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டபோது தண்டவாளம் தூக்கிய எட்டுப் பேரும் ஐரிஷ்காரர்கள் என்று பெயர் போட்டு வைத்தார்கள். பல்லாயிரம் கட்டை பரப்பிய, மண் கொட்டிய சீனர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. எட்டுப் பேர் தூக்கியதும் சாதாரண எடை இல்லை, ஆளுக்கு நூறு டன்னுக்கு மேல். தண்டவாள வேலை கூட்டத்தோடு நகரும், பாதை முடிந்தால் வேலையும் முடிந்தது. தச்சனும் கொல்லனும் அப்படியில்லை, ஊர் இருக்கும்வரை ஒரு இடத்தில் இருக்கலாம். அதனால்தான் வர்ஜீனியா சிட்டியில் ஐரிஷ் கோயில், ஐரிஷ் மருத்துவமனை, எம்மெட் கார்டு என்ற பெயரில் அணிவகுப்புப் படை எல்லாம் வந்தன.

கயல்:

ஊர் எவ்வளவு காலம் இருந்தது? அதுதானே கேள்வி.

செங்கோடன்:

1877க்கு அப்புறம் விளைச்சல் சரிந்தது. 1880க்குள் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். போடி, லெட்வில், பியூட் என்று அடுத்தடுத்த சுரங்க ஊர்கள். போனவர்கள் தங்கள் சங்கத்தின் விதிகளையும் கூடவே எடுத்துப் போனார்கள், மேற்கே பல சங்கங்கள் வர்ஜீனியா சிட்டி விதிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. 1893ல் மேற்குச் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பியூட்டில் பிறந்ததற்கு வேர் இங்கேதான். தீயில் எரிந்த சங்கக் கட்டடத்தை 1876ல் திரும்பக் கட்டி, உள்ளே நூலகமும் வைத்தார்கள். நாலு டாலர் கூலிக்காரன் புத்தகத்துக்குச் சந்தா கட்டினான். எனக்கு மேக்கியின் கோடிகளைவிட அந்த நூலகம் பெரிது.

தச்சன்மகன்:

அதை ஒப்புக்கொள்கிறேன். நான் தூக்கிவிட்டது தொழில் என்றேன், ராசிபுரத்தான் அண்ணா சொல்வது அதைக் கோடியாக்கியது வியாபாரம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன். மேக்கி 1902ல் லண்டனில் இறந்தார். கடைசிவரை தினமும் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்த முதலாளி என்று அவரைக் காம்ஸ்டாக் ஆட்கள் சொல்வார்கள், அந்த ஊரை விட்டுப் போகும்வரை. ரீனோவில் நெவாடா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சிலையில் அவர் கையில் தாதுக்கல்லும் இன்னொரு கையில் குந்தாலியும் இருக்கும். கோட்டு சூட்டில் வைக்கவில்லை.

ராசிபுரத்தான்:

குந்தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிலைதான் தம்பி. சரி, பியூட் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். காவன் மாவட்டத்திலிருந்து பதினைந்து வயதில் தனியாக வந்த மார்கஸ் டேலி, இதே காம்ஸ்டாக்கில் வேலை பழகி, 1876ல் பியூட் போய், வெள்ளி தேடி வாங்கிய அனகோண்டாவில் செம்பைக் கண்டுபிடித்தார். மின்கம்பி உலகம் முழுக்க ஓடத் தொடங்கிய நேரம் பார்த்துச் செம்பு. அவர் கூப்பிட்டு கார்க் மாவட்டத்துச் செம்புச் சுரங்க ஆட்கள் அலையலையாக வந்தார்கள். இதைத் தொழில் என்பீர்களா, நேரம் என்பீர்களா?

தச்சன்மகன்:

அதற்குத் தனி இழை வேண்டும் அண்ணா. நீங்களே தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து சண்டை போடுகிறேன். பட்டறைவாசி சார், செம்புத்தாதுப் பாறைக்கு எந்த நிறத்தில் பதம் நிறுத்துவார்கள் என்று அங்கே வந்து சொல்லுங்கள்.